விண்ணப்பதாரர் வரவில்லை

திருமலைக்கு நாற்பத்திரண்டு வயது. அவர் இருக்கிறாரா இல்லையா என்கிற சந்தேகம் அதுவரை யாருக்கும் வந்ததில்லை. நாகரசம்பட்டியில் சொந்தமாக ஓர் ஓட்டு வீடும் ஏழு மாமரமும் இருந்தன. சரிதா என்ற மனைவியும், பன்னிரண்டாவது முடித்த பிரியதர்ஷினி என்ற மகளும் இருந்தார்கள். ரேஷன் கடையில் விரல் வைக்கும் மெஷின் மட்டும் அவரைக் கண்டுகொள்ளாது. கடைக்காரர் கண்டுகொள்வார். "உன்னத் தெரியாதா எனக்கு" என்று சொல்லி வேறு வழியில் பதிவு போட்டு அரிசியை அளந்துவிடுவார். அந்த அளவுக்கு இருந்தால் போதும் என்று திருமலையும் இருந்துவிட்டார்.

பர்கூருக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலையோரம் வெங்கடசாமியின் கல் பட்டறை. அங்கே பத்தொன்பது வருடமாக வேலை. என்ன வேலை என்று ஊரில் கேட்டால் "கல்லு தேய்க்கறேன்" என்பார். கேட்டவர் அம்மிக்கல்லை நினைத்துக்கொண்டு போய்விடுவார். உண்மையில் அவர் தேய்ப்பது மேசை அகலத்துக்கு இருக்கும் கறுப்புக் கல். ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் தொழிற்சாலைகளில் ஒரு பாகம் சரியாக வந்திருக்கிறதா என்று அளக்க, அதை இந்தக் கல்லின் மேல்தான் வைப்பார்கள். பிளேட் என்று பெயர். பிளேட்டில் துளி மேடு இருந்தாலும் அதன்மேல் வைத்து அளந்தது அத்தனையும் தப்பு. அதனால் மெஷினில் தேய்த்த கல்லைக் கடைசியில் கையால் சமன் செய்ய வேண்டும். வைரப்பொடிக் களிம்பைப் போட்டுத் தேய்ப்பது, கழுவுவது, விரல் நுனியால் தடவிப் பார்ப்பது, மறுபடி தேய்ப்பது. தடவும்போது திருமலை கண்ணை மூடிக்கொள்வார். "இங்கதான் ஒக்காந்துக்கினு இருக்குது" என்பார். அளக்கும் கருவியை வைத்துப் பார்த்தால் மேடு அங்கேதான் இருக்கும்.

போன ஐப்பசியில், பிளேட் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஓர் ஆள் வந்தார். பட்டறைக் கதவில் தலையை இடித்துக்கொண்டே உள்ளே வந்ததால் நெட்டை சார் என்று பெயர் விழுந்தது. எந்த நாடு என்பது இங்கே வேண்டாம். சொன்னால் அதற்கும் தனியாக ஒரு படிவம் கேட்பார்கள். குளிர் நாடு, அவ்வளவுதான்.

நெட்டை சார் கையோடு கொண்டுவந்த கருவியை வைத்து ஒரு பிளேட்டை அரை நாள் அளந்தார். திருமலை போகிற போக்கில் கையை வைத்துவிட்டு, "மூணாவது கட்டத்துல மேடு, அந்தாண்ட மூலையில பள்ளம்" என்றார். நெட்டை சார் தாளைப் பார்த்தார். அதிலும் அதேதான் இருந்தது. ஒரு முடியை முப்பதாகக் கிழித்தால் ஒரு பங்கு எவ்வளவோ அவ்வளவு மேடு. இன்னும் நாலு பிளேட்டில் சோதித்தார். நாலிலும் சரி. பிறகு திருமலையின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கல்யாணத்தன்றுகூடத் தன் கையை யாரும் அப்படிப் பிடித்ததில்லை என்று திருமலை வீட்டில் சொல்ல, சரிதா முறைத்தாள்.

அந்த நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. வெளியாளை வேலைக்கு எடுக்கும் முதலாளி, உள்ளூரில் அந்த வேலைக்கு ஆளே இல்லை என்று முதலில் நிரூபிக்க வேண்டும். நெட்டை சாரின் கம்பெனி நாலு மாதம் விளம்பரம் கொடுத்தது. இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் ரொட்டி சுடுபவர். இன்னொருவர் கைரேகை ஜோசியர். கையைத் தடவுகிற வேலை என்றதும் தனக்குத்தான் என்று நினைத்துவிட்டார். இருவரையும் முறைப்படி நேர்காணல் செய்து, முறைப்படி நிராகரித்து, அறிக்கை எழுதி அனுப்பிய பிறகு, தன் எல்லைக்குள் கல்லைத் தடவி மேடு கண்டுபிடிக்கிற ஜீவன் ஒன்றுகூட இல்லை என்று அந்த அரசாங்கம் முத்திரை குத்தி ஒப்புக்கொண்டது. சித்திரையில் திருமலைக்கு அழைப்புச் சான்றிதழ் வந்தது. கம்பெனியே பொறுப்பு, குடும்பத்தோடு வரலாம், மகள் அங்கேயே படிக்கலாம். தொழில்: கையால் உணர்ந்து கல்லைச் சமன் செய்பவர். தகுதி: திறன்மிகு தொழிலாளர். செல்லுபடி: தொண்ணூறு நாள்.

திறன்மிகு என்ற சொல்லைப் பிரியதர்ஷினி இரண்டு தடவை படித்துக் காட்டினாள். வெங்கடசாமியின் பதிவேட்டில் பத்தொன்பது வருடமாகத் திருமலைக்குப் பெயர் ஹெல்பர்.

"நீ போறது சந்தோசம்தான்டா" என்றார் வெங்கடசாமி. வீட்டில் தெலுங்கு பேசுகிற மனிதர். கோபமும் பாசமும் தமிழில்தான் வரும். "ஆனா எனக்கு வேல நிக்கக் கூடாது பாரு. தானா தேய்க்கற மெஷினு ஒண்ணு சொல்லி வெச்சுட்டேன். நீ நின்னு தேய்க்கற மேடைய எடுத்துட்டு அங்கதான் எறக்கணும்."

"எறக்குங்க மொதலாளி" என்றார் திருமலை. அன்றைக்கு அவருக்கு அதில் வருத்தமே இல்லை. சரிதா ஓசூர் போய், வெயில் கொளுத்துகிற சித்திரையில் மூன்று ஸ்வெட்டர் வாங்கி வந்தாள். கடைக்காரர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாராம்.

இனி பாக்கி ஒன்றே ஒன்றுதான் என்று எல்லோரும் சொன்னார்கள். ஓசூரில் போய்க் கைரேகை வைத்துவிட்டு வர வேண்டும்.

அந்த நாட்டு அரசாங்கம் இந்த மாதிரிச் சில்லறை வேலைகளைத் தானே செய்வதில்லை. அதற்கென்று ஒரு கம்பெனிக்குக் குத்தகை விட்டிருந்தது. கம்பெனி ஓசூரில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் 'விண்ணப்பதாரர் மகிழ்ச்சி மையம்' என்று ஒன்றை நடத்தியது. மகிழ்ச்சிக்கு நேரம் குறித்து வாங்க வேண்டும். திருமலைக்குச் சான்றிதழ் வந்த ஒன்பதாம் நாள் கிடைத்தது.

வாசலில் காவலாளி செல்போனை வாங்கிக்கொண்டார். தண்ணீர் பாட்டிலை வாங்கிக்கொண்டார். சரிதா கட்டிக்கொடுத்த புளிச்சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார். கடைசியில் சட்டைப் பையிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புக் கல் வந்தது. தொழில் என்ன என்று கேட்டால் காட்டலாம் என்று திருமலை எடுத்து வந்திருந்தார்.

"இது என்னாது?"

"கல்லுங்க. நான் தேய்ச்சது."

"உள்ள கல்லு கொண்டுபோகக் கூடாது" என்று காவலாளி பதிவேட்டில் எழுதினார்: ஆயுதம், கல், ஒன்று.

உள்ளே மூன்றாம் எண் கவுண்டருக்கு அனுப்பினார்கள். அங்கே சௌமியா என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். சின்ன வயது, சிரித்த முகம். சிரிப்பது வேலை விதிமுறையில் இருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. கவுண்டரின் மேல் தளம் கறுப்புக் கல். திருமலை பழக்க தோஷத்தில் அதன்மேல் கையை ஓட்டினார். ஓடிய கை இடது ஓரத்தில் நின்றது.

"இது எங்கூரு பக்கத்துக் கல்லுமா. இந்த ஓரத்துல கொஞ்சம் மேடா உட்டுட்டானுங்க."

"ஃபர்னிச்சர் கம்ப்ளெயின்ட்டுக்குத் தனி ஃபார்ம் சார்" என்றாள் சௌமியா, சிரிப்பு மாறாமல். "வலது கை நாலு விரலும் கண்ணாடி மேல வைங்க."

வைத்தார். மெஷின் ஒரு பெண் குரலில் "விரலை வைக்கவும்" என்றது. வைத்துத்தான் இருந்தார். அழுத்தி வைத்தார். "விரலை வைக்கவும்." துடைத்து வைத்தார். ஈரம் பண்ணி வைத்தார். சௌமியா எழுந்து வந்து அவர் விரல்மேல் தன் விரலை வைத்து அழுத்தினாள். மெஷின் ஒரு நிமிடம் யோசித்தது. பிறகு திரையில் சிவப்பு எழுத்து வந்தது: விண்ணப்பதாரர் வரவில்லை.

"நீங்க வரல சார்" என்றாள் சௌமியா.

"வந்திருக்கறனேம்மா. உங்க எதுரதான நிக்கறேன்?"

"எனக்குத் தெரியுது சார். சிஸ்டத்துல வரல. வராதவங்களுக்கு நான் ரசீது குடுக்க முடியாது."

திருமலை திரும்பிப் பார்த்தார். வரிசையில் இருந்தவர்கள் அவரைப் பார்த்தார்கள். அத்தனை பேர் பார்க்கிற ஓர் ஆள் எப்படி வராமல் இருக்க முடியும் என்று அவருக்கு விளங்கவில்லை. அப்போது ஒரு கையில் நீலத் தண்ணீர் பாட்டிலும் ஒரு கையில் துணியுமாகத் துப்புரவு பார்க்கிற சென்னம்மா வந்தாள். அத்திப்பள்ளியிலிருந்து வேலைக்கு வருகிறவள். தமிழைக் கன்னடத்தில் தோய்த்துப் பேசுவாள். கவுண்டரைக் குனிந்து பார்த்தாள்.

"நோடு சாமி, இங்க பாரு, காலைலிருந்து நூறு கை. எல்லா கையும் இதுமேல கறை உட்டுட்டுப் போகுது, நான் தொடைச்சுத் தொடைச்சுச் சாகறேன். நீ இம்மாநேரம் தடவின, ஒரு சொட்டுக் கறை இல்ல. உன் கைதான் கை."

அன்றைக்கு அவரைப் பாராட்டியது அவள் ஒருத்திதான்.

விஷயம் மேலாளர் ஆனந்திடம் போனது. ஆனந்த் சாத்தூர்ப் பக்கத்துக்காரர், முப்பத்தைந்து வயதுக்குள். கழுத்தில் இரண்டு அடையாள அட்டை தொங்கியது. திருமலையை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, மிகவும் பொறுமையாகப் பேசினார்.

"முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோங்க சார். எங்களுக்கு உங்க மேல சந்தேகமே கிடையாது. சந்தேகப்படணும்னா ஒரு ஆள் வேணும். இங்க ஆளே வரலயே, யாரைச் சந்தேகப்படறது? கல்லு தேய்ச்சுத் தேய்ச்சு உங்க ரேகை தேஞ்சுபோச்சு. அது எங்களுக்கும் தெரியுது. ஆனா ஃபார்ம்ல அதுக்கு இடம் இல்ல."

"வெரல் இல்லாதவங்க என்னா சார் பண்ணுவாங்க?"

"அவங்களுக்குப் பிரச்சினையே இல்ல" என்று ஆனந்த் உற்சாகமாகத் திரையைத் திருப்பிக் காட்டினார். "விரல் துண்டாகியிருந்தா இந்தக் கட்டத்துல டிக். கட்டுப் போட்டிருந்தா இந்தக் கட்டம். உங்களுக்கு விரல் இருக்கு, ரேகை இல்ல. அதான் சிக்கல். ஒரு விரல் போயிருந்தாக்கூட நான் இப்பவே முடிச்சுக் குடுத்திருப்பேன்."

திருமலைக்குப் பட்டறையில் கல் அறுக்கும் பெருமாள் நினைவு வந்தது. ரம்பத்தில் இடது கையின் மூன்று விரல் போய்விட்டது. பெருமாளுக்குக் கட்டம் இருக்கிறது. அதை நினைத்துப் பொறாமைப்பட்டதும், சே என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது.

"வழியே இல்லயா சார்?"

"ரேகை வளரும் சார். தோல்தானே? கல்லைத் தொடாதீங்க. சோப்பு, சுண்ணாம்பு, புளி எதுவும் தொடாதீங்க. தேங்காய் எண்ணெய் போட்டு, பருத்தி உறை மாட்டிக்கிடுங்க." அக்கறை வரும்போது அவருக்குச் சாத்தூர்ப் பேச்சு எட்டிப் பார்க்கும். உடனே சுதாரித்துக்கொள்வார். "எங்க நோக்கமே விண்ணப்பதாரரோட மகிழ்ச்சிதான் சார்."

வெளியே வந்ததும் காவலாளி கல்லைத் திருப்பிக் கொடுத்தார். அதை வாங்குவதா வேண்டாமா என்று திருமலை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சட்டைப் பையை விரித்து அதிலேயே போடச் சொன்னார்.

கல்லைத் தொடாமல் இருக்க வேண்டும் என்றால் வேலையை விட வேண்டும். பிரியதர்ஷினி நெட்டை சாரின் கம்பெனிக்குக் கடிதம் எழுதிக் கேட்டாள். உடனே பதில் வந்தது. விசா கிடைக்கும்வரை விண்ணப்பதாரர் அதே தொழிலில் இடைவெளி இல்லாமல் இருக்க வேண்டும். ஒரு நாள் விட்டாலும் அவர் அந்தத் தொழிலாளி அல்ல. சரி, சூப்பர்வைசர் என்று போட்டு உட்கார வைக்கலாமா என்று வெங்கடசாமி கேட்டார். அதற்கும் பதில் வந்தது. சூப்பர்வைசர் வேறு தொழில், வேறு எண், வேறு சான்றிதழ், முதலிலிருந்து நாலு மாத விளம்பரம். ரொட்டிக்காரரும் ஜோசியரும் மறுபடி வருவார்கள்.

ஆகவே திருமலை தினமும் காலை எட்டே முக்காலுக்குப் பட்டறைக்கு வந்தார். வருகைப் பதிவில் பெயர் எழுதினார், பேனாவை உறை மாட்டிய கையால் பிடித்து. தன் மேடைக்குப் போய் இரண்டு வெள்ளைக் கையையும் கட்டிக்கொண்டு கல்லுக்கு எதிரே நின்றார். மாலை ஆறு மணிக்கு வீட்டுக்குப் போனார். கல்லை மற்றவர்கள் தேய்த்தார்கள். அவர்கள் தேய்ப்பது தப்பாக இருந்தது. இங்கே மேடு, அங்கே மேடு என்று வாயால் சொன்னார், ஆனால் தொடாமல் சொல்வது யூகம்தான் என்று அவருக்கே தெரிந்தது. வெங்கடசாமி ஒரு சான்று எழுதினார்: திருமலை முழுநேரமும் பணியில் இருக்கிறார், அவர் கைகள் மட்டும் விடுப்பில் இருக்கின்றன.

"முப்பது வருசமா பட்டற நடத்தறேன்" என்று வெங்கடசாமி பெருமாளிடம் புலம்பினார். "கைக்கு மட்டும் லீவு எழுதிக் குடுத்தது இதான்டா மொத தடவ."

வீட்டில் சரிதா அந்தக் கைகளைக் கைக்குழந்தை வளர்ப்பதுபோல வளர்த்தாள். காலையில் எண்ணெய், ராத்திரி வெண்ணெய். சோற்றைப் பிசைய விடவில்லை, கரண்டிதான். வைகாசியில் மாங்காய் பறிப்பு வந்தது. மாங்காய்ப் பால் பட்டால் தோல் வெந்துபோகும் என்று அவரை மரத்துப் பக்கமே விடவில்லை. சரிதாவும் பிரியதர்ஷினியும் மரமேறிப் பறிக்க, வெள்ளைக் கையுறையோடு திருமலை வேலியோரம் நிற்பதை ஊரே வந்து பார்த்தது.

"என்னா திருமலை, சீமைக்குப் போறதுக்கு முன்னாடியே தொர ஆகிட்ட?" என்று கேட்டார் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர்.

"கையி வளக்கறேங்க" என்றார் திருமலை. அதைவிட உண்மையான பதில் அவரிடம் இல்லை. அன்று மாலை சாப்பிடாமல் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"ஏங்க, இந்தக் கண்றாவியெல்லாம் எதுக்கு, உட்டுத் தொலைக்கலாமா?" என்று சரிதா கேட்டாள்.

"எங்க போயி நிக்கறது? மொதலாளி மெஷினு சொல்லிட்டாரு. மேடைய எடுத்தா அப்பறம் எனக்கு அங்க என்னா வேல?" என்றார். "பொண்ணு வேற அந்தூரு காலேஜு பேர மனப்பாடம் பண்ணி வெச்சிருக்குது."

முப்பத்தெட்டாம் நாள் மையத்துக்குப் போனார்கள். மெஷின் நாலு விரலை ஒப்புக்கொண்டது. நாற்பது சதவீதம் வந்திருக்கிறீர்கள் என்றாள் சௌமியா. இடது கையில்தான் ரேகை சீக்கிரம் வளர்ந்திருந்தது. திருமலைக்கு ஒரு யோசனை தோன்றி, ஆனந்திடம் போய்ச் சொன்னார்.

"சார், எடது கைய உங்களுக்குன்னே உட்டுடறேன், தொடாம பத்தரமா வளக்கறேன். வலது கையில வேல செய்யறேன். நாளாச்சுன்னா வேல மறந்துடும் சார் கைக்கு."

ஆனந்துக்கு அது பிடித்திருந்தது. ஒரு நிமிடம் உண்மையாகவே யோசித்தார். பிறகு தலையாட்டினார். "ஒரு ஆளுக்குப் பத்து விரல் சார். அஞ்சு விரல்னா பாதி ஆள். பாதி ஆளுக்கு விசா குடுத்தா மீதி ஆள் எங்கன்னு கேப்பாங்க."

அறுபத்தாறாம் நாள் பத்து விரலும் வந்தன. ஒவ்வொன்றாகப் பச்சை விளக்கு எரிந்தது. பத்தாவது எரிந்ததும் சௌமியா கை தட்டினாள். அது விதிமுறையில் இருந்ததா, அவளாகவே தட்டினாளா என்று தெரியவில்லை. ஆனந்த் ஓடிவந்து திருமலையின் கையைக் குலுக்கினார்.

"இப்பத்தான் சார் நீங்க வந்திருக்கீங்க! இவ்வளவு நாளும் யாரோ ஒருத்தர் வந்து போனாரு, எங்களுக்கு அவரைத் தெரியாது. இனிமே உலகத்துல எந்த மூலைக்குப் போனாலும் நீங்க நீங்கதான்." இரண்டு கையையும் விரித்துப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். சுவரில் 'எங்கள் மகிழ்ச்சியான விண்ணப்பதாரர்கள்' என்ற பலகையில் மாட்டுவதற்காம்.

திருமலைக்குக் கண் கலங்கிவிட்டது. சரிதா கீழே புளியமரத்தடியில் காத்திருந்தாள். ஓடிப்போய்ப் பத்து விரலையும் காட்டினார். அவளும் ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தாள். அன்றைக்குத்தான் வெங்கடசாமியின் புது மெஷின் லாரியில் வந்து இறங்கியது. திருமலையின் மேடையைப் பெயர்த்து வெளியே போட்டிருந்தார்கள். போகிற ஆளுக்கு என்ன என்று அவர் அதைத் தாண்டிப் போனார். விமானம் ஏறும்போது மறுபடி விரல் கேட்பார்கள் என்று கையுறையை மட்டும் விடவில்லை.

இனி ஒரே ஒரு சம்பிரதாயம், உண்மைத்தன்மை நேர்காணல். விண்ணப்பதாரர் சொல்கிற தொழிலாளிதானா என்று பார்ப்பார்கள். எண்பத்துநாலாம் நாள் கிடைத்தது. சான்றிதழுக்கு இன்னும் ஆறு நாள் உயிர் இருந்தது.

இந்த முறை ஏழாம் எண் கவுண்டர். அதுவும் அதே கறுப்புக் கல். சுவரில் திருமலையின் படம் சிரித்துக்கொண்டிருந்தது. எதிரே வந்து உட்கார்ந்தவர் ஆனந்த். கழுத்தில் இரண்டு அட்டையில் மற்றதை இன்று முன்னால் திருப்பிப் போட்டிருந்தார். திருமலைக்கு அப்பாடா என்று இருந்தது. தெரிந்த மனிதர்.

"வணக்கம் சார். நல்லா இருக்கீங்களா?"

"உங்க பேர் சொல்லுங்க" என்றார் ஆனந்த்.

திருமலை சிரித்தார். ஆனந்த் சிரிக்கவில்லை. பெயரைச் சொன்னார். தொழிலைச் சொன்னார். பத்தொன்பது வருடம் என்றார்.

"கையை நீட்டுங்க."

உறையைக் கழற்றிவிட்டு நீட்டினார். ஆனந்த் ஒரு விளக்கைத் திருப்பி உள்ளங்கையில் அடித்தார். பார்த்தார், தட்டச்சு செய்தார், செய்ததை உரக்கப் படித்தார். "காய்ப்பு இல்லை. வெடிப்பு இல்லை. தோல் மென்மை. ரேகை மிகத் தெளிவு." நிமிர்ந்தார். "பத்தொன்பது வருஷம் கல்லு தேய்ச்ச கையா சார் இது? பேங்க்ல உக்காந்திருக்கிறவங்க கைகூட இப்படி இருக்காது."

"சார், நீங்கதான எண்ண போடச் சொன்னீங்க? ஒற மாட்டச் சொன்னீங்க?"

"அது பயோமெட்ரிக் பிரிவுல இருக்கிற ஆனந்த் சொல்லியிருக்கலாம்" என்றார் ஆனந்த். "நான் உண்மைத்தன்மைப் பிரிவு. நான் சுயேச்சையான அதிகாரி. அங்க நடந்ததை இங்க ஞாபகம் வச்சுக்கிட்டா அது முறைகேடு. ஞாபகமே வச்சுக்க மாட்டேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன். இந்த வேலைக்கு எவ்வளவு மனக்கட்டுப்பாடு வேணும்னு வெளியே இருக்கிறவங்களுக்குத் தெரியாது சார்."

"அதோ செவுத்துல என் படம் இருக்குது சார். நீங்க எடுத்தது."

ஆனந்த் திரும்பவில்லை. "அந்தப் பக்கம் பார்க்க எனக்கு அனுமதி இல்ல."

திருமலை நெட்டை சாரின் கடிதம், வெங்கடசாமியின் சான்று எல்லாவற்றையும் எடுத்து வைத்தார். கைகள் மட்டும் விடுப்பில் இருக்கின்றன என்ற வரியை ஆனந்த் படித்துவிட்டு, "அப்போ எழுபத்தஞ்சு நாளா இந்தக் கை வேலை செய்யலன்னு முதலாளியே ஒத்துக்கிறாரு" என்று அதையும் தட்டச்சு செய்துகொண்டார்.

"ஒரு கல்லு குடுங்க சார். தடவிக் காட்டறேன்."

"கல் தடை செய்யப்பட்ட பொருள்."

திருமலை சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு கீழே பார்த்தார். "இதோ, இது கல்லுதான? இந்த மேசையிலயே சொல்றேன். எங்க மேடு, எங்க பள்ளம்னு."

ஆனந்த் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "சரி, வெரசாத் தடவிச் சொல்லுங்க. ஏதாவது ஒண்ணு சொல்லுங்க, நான் எழுதிக்கிடுதேன்." அந்தக் குரல் சாத்தூர் குரல். அந்த ஒரு நிமிடம் அவர் எந்தப் பிரிவிலும் இல்லை.

திருமலை கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். எழுபத்தைந்து நாள் கழித்துக் கல்லைத் தொட்டார். கண்ணை மூடிக்கொண்டு இடமிருந்து வலமாகக் கையை ஓட்டினார். கல் குளிர்ச்சியாக இருந்தது. வழுவழுப்பாக இருந்தது. அவ்வளவுதான். மறுபடி ஓட்டினார். விரல் நுனியில் புதுத்தோல் தடித்து உட்கார்ந்துகொண்டு எதையும் உள்ளே விடவில்லை. மூன்றாவது முறை மெதுவாக, ஓரத்தில் நிறுத்தி நிறுத்தி ஓட்டினார். எங்கேயும் எதுவும் நிற்கவில்லை. மேட்டையும் பள்ளத்தையும் பிரித்துச் சொல்லத் தெரியாத எவனோ ஒருவனுடைய கை அது.

வலது ஓரம் மேடு என்று சொல்லியிருக்கலாம். அந்த மையத்தில் அளந்து பார்க்கக் கருவி கிடையாது. ஆனந்த் எழுதக் காத்துக்கொண்டுதான் இருந்தார். சௌமியாகூடத் தன் கவுண்டரிலிருந்து எட்டிப் பார்த்தாள். கீழே புளியமரத்தடியில் சரிதா இருந்தாள், பிரியதர்ஷினி இருந்தாள். ஒரு வார்த்தை போதும். ஆனால் பத்தொன்பது வருடத்தில் தெரியாத மேட்டைத் தெரியும் என்று அவர் சொன்னதே இல்லை. அந்த வாய்க்கு அது வரவில்லை.

"தெரிலங்க சார்" என்றார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"நெசமா தெரில சார். கையி போயிடுச்சு."

ஆனந்த் கதவுப் பக்கம் மறுபடி ஒருமுறை பார்த்தார். பிறகு அட்டையை நேராக்கிக்கொண்டு தட்டச்சு செய்தார். படித்தும் காட்டினார், அது விதிமுறை. "விண்ணப்பதாரர் தன் தொழிலைச் செய்து காட்ட இயலவில்லை என்று தாமே ஒப்புக்கொண்டார். உண்மையான தொழிலாளி அல்ல. நிராகரிக்கப்படுகிறது." மேல்முறையீட்டுக்கு நேரம் வாங்கலாம், அடுத்த நேரம் பதினொரு நாள் கழித்துத்தான் இருக்கிறது என்றார். "ஆனா ஒண்ணு சார், அடையாளத்துல உங்க மேல ஒரு குறையும் இல்ல. நீங்க நீங்கதான்ங்கிறது உறுதி. அது எப்பவும் உங்க ஃபைல்ல இருக்கும்."

திருமலை எழுந்திருக்கவில்லை. எங்கே போவது என்று தெரியாமல் இரண்டு கையையும் அந்தக் கல்லின்மேல் ஊன்றியபடி உட்கார்ந்திருந்தார். பட்டறையில் மேடை இல்லை. இருந்தாலும் இனி அந்த மேடையில் இவருக்கு வேலை இல்லை. சரிதாவிடம் முதலில் எதைச் சொல்வது என்று யோசித்துப் பார்த்தார். அடுத்த எண்ணைக் கூப்பிட்டதும்தான் கையை எடுத்தார்.

கறுப்புக் கல்லில் பத்து விரலும் பதிந்திருந்தன. கோடு கோடாக, சுழி சுழியாக, ஒன்றுகூடப் பிசகாமல் பளிச்சென்று இருந்தன. திருமலை தன் ரேகையைத் தானே அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

சென்னம்மா பாட்டிலும் துணியுமாக வந்தாள். கல்லைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"ஏன் சாமி, உன் கையும் எல்லார் கை மாதிரி ஆகிப்போச்சா?" என்றாள். நீலத் தண்ணீரை இரண்டு தடவை பீச்சி, துணியை வைத்து ஒரே இழுப்பில் துடைத்துவிட்டு அடுத்த கவுண்டருக்குப் போனாள்.